சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார்களா? வீட்டிலிருந்து கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

போன ஐப்பசியில் அப்பாவுக்கு அடிவயிற்றில் இடது பக்கமாக வலி வந்தது. மூன்று நாள் கஷாயம், வெந்நீர் ஒத்தடம் என்று ஓட்டிவிட்டு, காய்ச்சலும் சேர்ந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அல்ட்ராசவுண்டில் வயிறு முழுக்க வாயு, எதுவும் சரியாகத் தெரியவில்லை. "சி.டி. எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் மேசையில் அப்பா படுத்திருந்த நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று தடவை பஸ் ஏறினோம். முதல் தடவை எடுக்காமலேயே திரும்பி வந்தோம். மூன்றாம் தடவைதான் என்ன நோய் என்றே தெரிந்தது. வலியோடு ஒரு எழுபது வயது மனிதரை இப்படி அலைக்கழித்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது முன்னாலேயே ஒரு பத்து விஷயம் சொல்லியிருந்தால் ஒரே பயணத்தில் முடிந்திருக்கும். அந்தப் பத்து விஷயம்தான் கீழே இருக்கிறது.

இன்னொன்று. ஸ்கேனும் சி.டி., படங்களைப் பதிந்து தரும் வட்டத் தகடும் பேச்சில் சிடி. குழப்பம் வேண்டாம், தகட்டைக் குறுந்தகடு என்றே இங்கே எழுதுகிறேன்.

முதலில்: அவசரம் என்றால் இந்தக் கட்டுரை வேண்டாம்

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது, இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, தலையில் அடிபட்டு வாந்தி அல்லது மயக்கம். இதில் எது இருந்தாலும் ஸ்கேன் சென்டர் தேடாதீர்கள், ரேட் விசாரிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. மெஷின் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள்.

பக்கவாதத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லை ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மூளை சி.டி. அந்தக் கசிவைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். ஊசி போடுவதற்கான நேரம் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். அதனால் "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.

சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. பணம் புரட்ட நின்று நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

1. சீட்டை அங்கேயே, டாக்டர் முன்னாலேயே படியுங்கள்

எங்கள் கஷ்டம் முழுவதும் இந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்கியது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'சி.டி. எடு' என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். எந்தப் பகுதி, எந்த முறை என்று இருக்கும். 'பிளெயின்' என்றால் மருந்து ஏற்றாமல் எடுப்பது. தலையில் அடி, சிறுநீரகக் கல் போன்றவற்றுக்கு இதுவே போதும். கல்லுக்கு எடுப்பதை 'சி.டி. கே.யு.பி.' என்று எழுதுவார்கள். 'கான்ட்ராஸ்ட்' அல்லது 'சி.இ.சி.டி.' என்றால் கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி எடுப்பது. ரத்தக்குழாய், கட்டி, சீழ், குடல் வீக்கம் இவற்றைப் பிரித்துப் பார்க்க இது தேவை. 'எச்.ஆர்.சி.டி.' என்பது நுரையீரலை மெல்லிய துண்டுகளாகப் பார்ப்பது, இதற்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. 'ஆஞ்சியோ' என்று சேர்ந்திருந்தால் ரத்தக்குழாய்க்கான ஸ்கேன், மருந்து கட்டாயம்.

எதற்காக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? பிளெயினா கான்ட்ராஸ்டா என்பதைப் பொறுத்துத்தான் செலவு, பட்டினி, ரத்தப் பரிசோதனை எல்லாம் மாறும். டாக்டர் எழுத்து புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "சார், மருந்து போட்டு எடுக்கணுமா, போடாமலா?"

இதைவிட முக்கியமானது அடுத்தது. சீட்டில் நோயாளியின் கதை இருக்க வேண்டும். ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. ஒரு வயிறு-இடுப்பு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் அவர் கண் அங்கே நிற்கும்.

அப்பாவின் சீட்டில் 'வயிற்று வலி' என்ற ஒன்றுதான் இருந்தது. இடது பக்கம், நான்கு நாள், காய்ச்சல், வெள்ளணுக்கள் கூடுதல் எதுவும் இல்லை. வந்த ரிப்போர்ட்டில் வலிக்கான காரணமும் இல்லை. பிறகு ஒரு அறுவை சிகிச்சை டாக்டர் படங்களைத் தானே பார்த்துவிட்டு, ரேடியாலஜிஸ்டுக்குப் போன் போட்டு, "இடது அடிவயிறு, காய்ச்சல் இருக்கு, பெருங்குடல் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை பாருங்க" என்றார். அரை மணி நேரத்தில் கூடுதல் ரிப்போர்ட் வந்தது. பெருங்குடலின் சுவரில் பிதுங்கியிருந்த சிறு பைகளில் ஒன்று அழற்சியாகி, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருந்தது. டைவர்டிகுலைட்டிஸ். அதே படங்கள்தான். கேள்வி மட்டும்தான் மாறியது.

ஆகவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "எங்கே வலி, எத்தனை நாள், நீங்க என்ன சந்தேகப்படுறீங்கன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்திடுங்க சார்." அவர் அவசரத்தில் இருந்தால் நீங்களே ஒரு தாளில் எழுதிச் சீட்டோடு பின் அடித்துக் கொடுங்கள். முன்பு செய்த ஆபரேஷன், புற்றுநோய் இருந்ததா, எந்தப் பக்கம் வலி, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா. ஐந்து வரி போதும்.

2. சி.டி. தானா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்

சி.டி. எல்லாவற்றையும் காட்டும் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அப்படி இல்லை. புதிய ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, நுரையீரல், சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி, வயிற்றுக்குள் சீழ், குடல் அடைப்பு. இவற்றில் சி.டி. பெரிய துணை. பித்தப்பைக் கல்லுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான், சில பித்தக்கற்கள் சி.டி.யில் தெரியாமலேயே போகும். தண்டுவடம், நரம்பு அழுத்தம், முழங்கால் ஜவ்வு என்றால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. அடைப்பினால் வந்த பக்கவாதத்திலும் முதல் சில மணி நேரம் சி.டி. நார்மல் போலவே இருக்கக்கூடும். அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

டாக்டர் சொல்லாமல் நீங்களாகப் போய் எடுக்கவே எடுக்காதீர்கள். கொரோனா சமயத்தில் லேசான காய்ச்சலுக்கெல்லாம் வரிசையில் நின்று மார்பு ஸ்கேன் எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். 'முழு உடல் ஸ்கேன், சலுகை விலையில்' என்ற விளம்பரத்தைப் பார்த்தாலும் இதேதான். நோய்க்குறி எதுவும் இல்லாதவர் எடுத்தால், தேவையில்லாத கதிர்வீச்சும் அர்த்தமில்லாத சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகளும் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடும் செலவும்தான் மிச்சம்.

3. எங்கே எடுப்பது, எவ்வளவு ஆகும்

அரசு மருத்துவமனை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சி.டி. இருக்கிறது. வெளியே ஆயிரக்கணக்கில் ஆவது இங்கே சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் தனியார் டாக்டர் எழுதிய சீட்டோடு நேராக ஸ்கேன் அறைக்குப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். முதலில் புறநோயாளி சீட்டு போட வேண்டும். அங்குள்ள டாக்டர் பார்த்து ஸ்கேனுக்கு எழுத வேண்டும். அப்புறம்தான் ஸ்கேன் அறையில் தேதி தருவார்கள். அவசரம் இல்லாதவர்களுக்குச் சில நாள் தள்ளிப் போகலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் போனால் அன்றைய நாள் வீண்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் குடும்பத்தோடு போய்ப் பதிய வேண்டும். வலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடினால் நாள் கணக்கில் ஆகும், இன்றே செய்து வையுங்கள். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் சீட்டோடு அதையும் காட்டி, இந்தப் பரிசோதனை இதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

தனியார் சென்டர். ஒரே ஊரில் ஒரே ஸ்கேனுக்கு விலை வித்தியாசம் மலைக்க வைக்கிறது. வயிறு-இடுப்பு கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்கு நான் போனில் விசாரித்த மூன்று இடங்களில் 4,500, 6,000, 7,500 என்று சொன்னார்கள். விலை கேட்கும்போது இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்:

- கான்ட்ராஸ்ட் மருந்து இந்தத் தொகையில் அடக்கமா, தனியா?
- வயிறு மட்டுமா, வயிறும் இடுப்பும் சேர்த்தா? சில இடங்களில் இரண்டுக்கும் தனித்தனி ரேட்.
- ஃபிலிமும் குறுந்தகடும் இதிலேயே வருமா?
- ரிப்போர்ட் எப்போது கிடைக்கும்?

முதலாவது கேள்வியைக் கேட்காததால், 4,500 சொன்ன இடத்தில் கவுன்டரில் நிற்கும்போது மருந்துக்கு 1,800 கூடுதலாகக் கேட்டார்கள். கையில் இருந்தது ஐயாயிரம்தான். அப்பாவை உட்கார வைத்துவிட்டு ஏ.டி.எம். தேடி ஓடினேன்.

பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும், ஆனால் ரேடியாலஜிஸ்ட் இருக்க மாட்டார். படம் கைக்கு வரும், ரிப்போர்ட் திங்கட்கிழமைதான். இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சென்டருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். சி.டி. மெஷின் வைத்திருக்கும் எல்லாருக்கும் அது கட்டாயம், கேட்டால் காட்டுவார்கள்.

தனியார் மெடிக்ளைம் வைத்திருப்பவர்களுக்கு: சாதாரணப் பாலிசிகளில் வெளியிலிருந்து வந்து ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டுப் போனால் பணம் கிடைக்காது. ஆனால் அதே நோய்க்காகப் பிறகு அட்மிட் ஆனால், அட்மிட் ஆவதற்கு முன் செய்த பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. பெரும்பாலும் முந்தைய 30 நாள் வரை. ஆகவே டாக்டர் சீட்டு, அசல் பில், ரிப்போர்ட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். நாங்கள் சீட்டைச் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அப்பா அட்மிட் ஆன பிறகு ஸ்கேன் செலவு மட்டும் கிளெய்மில் அடிபட்டுப் போனது. சீட்டைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம், முடிந்தால் ஒரு ஜெராக்ஸ்.

4. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

இது மருந்து ஏற்றி எடுப்பவர்களுக்கு. பிளெயின் என்றால் இதில் பெரும்பாலானவை தேவையில்லை.

கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள். ஓரிரு நூறு ரூபாய்க்கு உங்கள் ஊர் லேபிலேயே எடுக்கலாம், சில மணி நேரத்தில் வந்துவிடும். சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் எத்தனை நாள் பழையதை ஏற்பார்கள் என்று சென்டரிடம் கேளுங்கள். நாங்கள் முதல் தடவை திரும்பி வந்ததற்கு இதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, பஸ் ஸ்டாண்டில் அப்பா சாப்பிட்ட நான்கு இட்லி.

பட்டினி. பெரும்பாலான சென்டர்கள் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்கின்றன. தண்ணீர் குடிக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பொதுவாகத் தடையில்லை, சிறுநீரகத்துக்கு அது நல்லதும்கூட. போன் செய்து கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு இன்சுலின் போட்டுக்கொண்டு பதினொரு மணி வரை வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட் இருக்கட்டும்.

சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை பற்றி எல்லாரும் ஒவ்வொன்று சொல்வார்கள். விஷயம் இதுதான். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு, மருந்து ஏற்றிய பிறகு மெட்ஃபார்மின் உடலில் தேங்கிச் சிக்கல் தரலாம். அவர்கள் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் நிறுத்தத் தேவையில்லை என்றுதான் இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனாலும் நம் ஊரில் பல சென்டர்கள் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிடுகின்றன. நீங்களாக முடிவெடுக்காமல், கிரியாட்டினின் ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் எழுதி வாங்குங்கள். அப்பா இரண்டு நாள் நிறுத்தச் சொன்னதை இரண்டு வாரமாக்கிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, சர்க்கரை 340-க்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சொல்லியே தீர வேண்டியவை: முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்துக்கு அரிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா, ஆஸ்துமா உண்டா, தைராய்டு கூடுதலாக வேலை செய்கிறதா, டயாலிசிஸ் போகிறாரா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், உறுதியாகத் தெரியாவிட்டாலும், உள்ளே போகும் முன் பெண் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது அயோடினால் வரும் அலர்ஜி இல்லை, இறாலிலும் நண்டிலும் உள்ள புரதத்தால் வருவது. அலர்ஜி எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், ஆனால் இதற்காகப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. பையில் வைக்க வேண்டியவை

டாக்டர் சீட்டும் அதன் நகலும். கிரியாட்டினின் ரிப்போர்ட். ஆதார். காப்பீட்டு அட்டை இருந்தால் அது. இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாம், அட்டையோடு. பழைய ஸ்கேன், அல்ட்ராசவுண்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி.

பழைய படங்களை 'அது எதற்கு, பழசுதானே' என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது என்று வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தின ஸ்கேனிலும் அதே அளவில் இருந்தது என்றால் ரேடியாலஜிஸ்ட் நிம்மதியாக எழுதுவார். ஒப்பிட ஒன்றும் இல்லை என்றால் சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள்.

6. ஸ்கேன் அன்று என்ன நடக்கும்

வயிற்று ஸ்கேன் என்றால் முதலில் பாட்டிலில் மருந்து கலந்த தண்ணீர் தரலாம். ஒன்று, ஒன்றரை லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குடல் நிறைந்தால்தான் அதன் சுவர் தெரியும். இந்த நேரத்தையும் கணக்கில் வைத்துத் திரும்பும் பஸ்ஸைத் தீர்மானியுங்கள்.

பிறகு உடம்பில் உள்ள உலோகம். ஸ்கேன் விழும் பகுதியில் உலோகம் இருந்தால் படத்தில் கதிர்கதிராகக் கோடு விழுந்து, பக்கத்தில் உள்ளதை மறைத்துவிடும். தலை என்றால் கம்மல், மூக்குத்தி, ஹேர்பின், கழற்றும் பல்செட். மார்பு என்றால் சங்கிலி, தாலி, கொக்கி. வயிறு என்றால் பெல்ட், ஊக்கு, அரைஞாண். மூக்குத்தித் திருகை வீட்டிலேயே எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள், சென்டரில் அவசரத்தில் கழலாது.

அப்பாவின் இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு செப்புத் தாயத்து. நாற்பது வருடம் கழற்றாதது. முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. டெக்னீஷியன் பையன் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, "ஐயா, வெட்டட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் கத்தரிக்கோலை வாங்கி வெட்டி, தாயத்தைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். இப்படி ஏதாவது இருந்தால் முந்தின நாளே, நல்ல நேரம் பார்த்து, வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில் அந்த நேரத்தில் அது மனதுக்கு நல்லதாக இல்லை.

கையில் வென்ஃப்லான் ஊசி போடுவார்கள். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் போட்ட சின்ன ஊசி இருந்தாலும் புதிதாகப் போடலாம், மருந்து மெஷின் வழியாக வேகமாக ஏறும் என்பதால் தாங்கக்கூடிய நரம்பு வேண்டும். ஏறும்போது அந்த இடத்தில் வலித்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சத்தமாகச் சொல்லுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடாகும். வாயில் இரும்புச் சுவை வரும். சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். இதெல்லாம் வழக்கமானது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். டெக்னீஷியன் முன்கூட்டியே, "ஐயா, ஒன்னுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க" என்று சொன்னதால் அப்பா அசையாமல் கிடந்தார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதை நீங்களே முதலில் சொல்லி வையுங்கள். பதறி அசைந்தால் படம் கலங்கிவிடும்.

"மூச்சை இழுங்க, பிடிங்க" என்று குரல் வரும். காது மந்தமாக உள்ளவர்களுக்கு வெளியிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், அதற்குத் தனி நேரமும் தனிச் செலவும் உண்டு.

முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அந்த இடத்திலேயே கவனிக்க ஆள் இருப்பார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கலாம், டாக்டர் நீர் அளவைக் குறைக்கச் சொன்ன இதய, சிறுநீரக நோயாளிகள் தவிர.

7. கதிர்வீச்சு: எவ்வளவு பயப்படலாம்?

சி.டி. எக்ஸ்-ரே கதிரைக் கொண்டுதான் வேலை செய்கிறது. தலை ஸ்கேனுக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மார்புக்கு 6 முதல் 7, வயிறு-இடுப்புக்கு 8 முதல் 10 என்பது வழக்கமான அளவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் படுவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. தேவையான ஸ்கேனுக்கு இந்த அளவைக் காட்டி மறுக்காதீர்கள். நோயைத் தவறவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். மருந்தில்லாமல் ஒரு முறை, மருந்தோடு ஒரு முறை என்று இரண்டு சுற்று எடுத்தால் அளவும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சில நோய்களுக்கு அது தேவைதான், எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று கேளுங்கள், எடுப்பதானால் குழந்தைக்கேற்ற குறைந்த அளவில் எடுப்பார்களா என்று சென்டரில் கேளுங்கள்.

8. குறுந்தகடு வாங்காமல் வெளியே வராதீர்கள்

ஃபிலிமில் இருபது முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சடித்துத் தருவார்கள். மொத்தப் படங்களும் குறுந்தகட்டில்தான் இருக்கும். அடுத்த டாக்டர் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் உருட்டிப் பார்க்க அது வேண்டும். 'டைகாம்' (ஸ்கேன் படங்களுக்கான கம்ப்யூட்டர் கோப்பு வகை) வடிவத்தில் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் போனுக்கு லிங்க் அனுப்புகிறார்கள். அது சில நாளில் காலாவதியாகலாம், உடனே இறக்கிச் சேமியுங்கள்.

எங்களுக்கு ஃபிலிம் மட்டும்தான் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் தேடுற இடம் சரியா விழலை, முழுப் படமும் வேணும்" என்றார். வெயிலில் திரும்ப ஓடி, 200 ரூபாய் கட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்து வாங்கினோம். அது கிடைக்காமல் போயிருந்தால் மறுபடி ஸ்கேன், மறுபடி மருந்து, மறுபடி கதிர்வீச்சு.

கவுன்டரை விட்டு நகரும் முன் ரிப்போர்ட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா, தேதி, வலமா இடமா என்று பாருங்கள். ஒரே பெயரில் இருவர் அன்று வந்திருக்கலாம். தவறு இருந்தால் பேனாவால் திருத்தித் தர விடாதீர்கள், புதிதாக அச்சடித்துக் கேளுங்கள்.

9. ரிப்போர்ட்டைப் படித்துப் பதறாதீர்கள்

முடிவு கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பில் இருக்கும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் உறுப்பு உறுப்பாகப் பார்த்ததன் விவரம்.

'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று முடித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. படத்தில் தெரிவதை நோயாளியின் குறிகளோடு சேர்த்துப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும் என்று அர்த்தம். வயதானவர்களின் ஸ்கேனில் தேடாத ஏதாவது ஒன்று தெரியாமல் இருப்பது அபூர்வம். அப்பாவின் ரிப்போர்ட்டில் 'வலது சிறுநீரகத்தில் சிம்பிள் சிஸ்ட்' என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது மாமா அதைப் போனில் தேடி, "கட்டியாம்" என்று சொல்லிவிட்டார். வன்னிக்கோனேந்தல் தாண்டும்வரை அம்மா அழுதுகொண்டே வந்தாள். டாக்டர், "இது தண்ணிக் கொப்புளம், வயசானா வர்றது, ஒன்னும் செய்ய வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்தார். வீட்டில் யாருக்கும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், டாக்டரைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

வலி இருக்கிறது, ரிப்போர்ட் நார்மல் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். குறுந்தகட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "இந்த இடத்தில்தான் வலிக்குது, இதைப் பார்த்தாங்களா?" என்று கேளுங்கள். தேவைப்பட்டால் ரேடியாலஜிஸ்டிடமே பேசுவார்கள். கூடுதல் ரிப்போர்ட் எழுதுவது அவர்களுக்கு வழக்கமான வேலைதான், நாம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

10. எல்லாவற்றையும் ஒரே கோப்பில்

சீட்டின் நகல், பில், ரிப்போர்ட், கூடுதல் ரிப்போர்ட், குறுந்தகடு. குறுந்தகட்டின் மேல் பெயர், தேதி, எந்தப் பகுதி என்று மார்க்கரால் எழுதுங்கள். அதிலுள்ளதை ஒரு பென்டிரைவிலும் ஏற்றி வையுங்கள், கீறல் விழுந்தால் தகடு போச்சு. ஃபிலிமைச் சுருட்டாதீர்கள், மடிக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஐந்து நாளில் வலி அடங்கியது. எட்டு வாரம் கழித்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அன்று டாக்டர் முதலில் கேட்டது அந்தக் குறுந்தகட்டைத்தான். அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாளாம்.